கை நடுங்கினால் குலத்துக்கே குறையா?

பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கிறது. அவருடைய தந்தையாருக்கு வயது 71. மூன்றாண்டுகளாக வலக்கை நடுங்குகிறது, நடை சுருங்கிவிட்டது, முகத்தில் பழைய சிரிப்பைக் காணோம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சகோதரியின் கவலை அதுவல்ல. தை மாதம் அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், கூடத்தில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் கையைப் பார்த்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், தேநீர் குடித்தார்கள், சொல்லியனுப்புகிறோம் என்று விடைபெற்றுக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆள் மூலம் செய்தி வந்தது: "அது பரம்பரை வியாதியாமே, நாளைக்குப் பெண்ணுக்கும் வந்தால் என்ன செய்வது?"

"ஐயா, என் மகளின் ரத்தத்தில் அது இருக்கிறதா? என் ரத்தத்திலும் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடக் கூடிய கேள்வியன்று இது. நோய் எங்கே தொடங்குகிறது, மரபணு அதில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பதில் விளங்கும். கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817இல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு பேரைப் பற்றிய விவரம் அதில் உண்டு. அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. கைநடுக்கத்தையும் முன்சாய்ந்த நடையையும் கண்ணாலேயே பார்த்து எழுதிவிட்டார். மூளைக்குள் எந்த இடம் கெடுகிறது என்பது புலப்பட மேலும் நூறு ஆண்டு பிடித்தது. 1919இல் பாரிஸ் நகரில் திரெத்தியாக்கோப் என்னும் ஆய்வாளர், இந்நோயால் இறந்தவர்களின் நடுமூளையில் இருக்க வேண்டிய கறுப்புத் திட்டு வெளிறிப் போயிருப்பதைக் காட்டினார். அந்தத் திட்டில் உள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்ற கட்டளை தடங்கலின்றிப் போய்ச்சேர அது வேண்டும். அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகச் சாக டோபமின் வற்றுகிறது. வெளியே நடுக்கம் தெரியத் தொடங்கும்போது அந்தத் திட்டில் ஏறக்குறையப் பாதி அணுக்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

இங்கே ஒன்றைக் குறுக்கே சொல்லிவிடுகிறேன். நடுங்கும் கையெல்லாம் பார்க்கின்சன் அல்ல. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் ஆடும் கை பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். அதுதான் அதிகம் பேருக்கு வருவது, குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் அதுவே. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ஆடும். "அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் கை ஆடும்" என்று ஊரார் பேசுவதில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்த பேச்சு.

சரி, அந்த நரம்பணுக்கள் ஏன் சாகின்றன? நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கில்லை என்றே மருத்துவர்கள் கருதினார்கள். அமெரிக்காவில் ரோஜர் டுவாய்சின் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் இரட்டையர்களை ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கருவில் பிரிந்த 43 இரட்டையர் இணைகளில் ஒரே ஓர் இணையில் மட்டும்தான் இருவருக்கும் நோய் இருந்தது. அச்சில் வார்த்தது போன்ற இரட்டையருக்கே ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வரவில்லையென்றால் பரம்பரை எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

ஆனால் அதே டுவாய்சினும் அவருடன் பணியாற்றிய லாரன்ஸ் கோல்பியும் சில ஆண்டுகளில் வேறொன்றைக் கண்டார்கள். நியூஜெர்சியில் அவர்களிடம் வந்த சில நோயாளிகள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் முன்னோர் ஊரைக் கேட்டால் எல்லாரும் ஒரே ஊரைச் சொன்னார்கள். தெற்கு இத்தாலியில் சலேர்னோ மாவட்டத்தில் உள்ள கொந்தூர்சி என்னும் சிற்றூர் அது. பிழைக்க வழி தேடிக் கப்பலேறிய குடும்பங்கள். நம் பாட்டன்மார் இங்கே வந்த கதைதான். துறைமுகம் மட்டும் வேறு. தேவாலயப் பதிவேடுகளையும் உறவினர் நினைவுகளையும் கொண்டு குலவரலாற்றை வரைந்து பார்த்தபோது, எல்லாக் கிளைகளும் ஒரே மூலத்தில் போய்ச் சேர்ந்தன. ஏறத்தாழ 600 பேர் அடங்கிய அந்தக் குலத்தில் 60 பேருக்கு நோய் வந்திருந்தது. அதுவும் சராசரி 46 வயதிலேயே.

அந்தக் குலத்தாரின் ரத்தத்தை வைத்து பாலிமெரோபொலஸ் என்பவரின் குழு 1996இல் நான்காவது குரோமோசோமில் பிழை இருக்கும் இடத்தையும், 1997இல் பிழையையே கண்டுபிடித்தது. அந்த மரபணு ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்துக்கானது. மரபணு என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன வாசகம். நம் உடம்பிலுள்ள புரதங்களை எப்படித் தயாரிப்பது என்ற செய்முறை அதில்தான் எழுதியிருக்கிறது. கொந்தூர்சிக் குலத்தில் ஜி இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஏ இருந்தது. சொல்வதெழுதலில் 'கிளி' என்று நான் சொல்ல, 'கிழி' என்று எழுதிக்கொண்டு வரும் பையன்கள் என் வகுப்பிலும் உண்டு. ஓர் எழுத்துதான், பறக்க வேண்டியது கிழிந்துவிடுகிறது. இங்கேயும் அப்படித்தான். 140 கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்ற அந்தப் புரதத்தில் 53ஆவது கண்ணி மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எலிக்கு அந்த 53ஆவது இடத்தில் இயற்கையிலேயே அந்த 'மாறிய' கண்ணிதான் இருக்கிறது. எலிக்கு அதனால் நோய் வருவதில்லை. எந்த எழுத்து பிழை என்பது எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது போலும்.

ஒரு கண்ணி மாறினால் அணு ஏன் சாக வேண்டும்? ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்திலிருந்து மங்கில் இறங்கும் பால் தண்ணீராக ஓடும். நேரத்தோடு எடுக்காமல் விட்டால், அல்லது அமிலம் கலந்துவிட்டால், உறைந்து கட்டியாகிவிடும். கட்டியானதை மறுபடி பாலாக்க எவராலும் ஆகாது. ஆல்ஃபா சைனுக்ளினும் நல்ல நிலையில் நரம்பணுவுக்குள் தனித்தனியாக மிதந்து தன் வேலையைச் செய்வது. பிழையுள்ள புரதமோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துணுக்கு பக்கத்தில் இருப்பவற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. ஒரு கரண்டி மோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்குவது மாதிரி. முற்றிய பெரிய கட்டியைவிட, அதற்கு முந்திய சின்னஞ்சிறு துணுக்குகளே அதிகம் கெடுதல் செய்கின்றன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அவை அணுவின் மெல்லிய சவ்வைச் சேதப்படுத்துகின்றன. அணு தன் குப்பையை அகற்றும் வழியை அடைக்கின்றன. அணுவுக்குச் சக்தி தரும் பகுதிகளைக் கெடுக்கின்றன.

அதே 1997இல் வந்த இன்னொரு செய்திதான் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. லூவி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912இலேயே பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை அணுக்களில் உருண்டையான கட்டிகளைக் கண்டு எழுதியிருந்தார். அவை எதனால் ஆனவை என்று 85 ஆண்டுகளாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஸ்பில்லன்டினி, கோடர்ட் முதலியோர் பரிசோதித்தபோது, கொந்தூர்சிக் குலத்தின் அதே புரதம்தான் அங்கே கட்டியாகிக் கிடந்தது. இந்த நோயாளிகளுக்கோ மரபணுவில் அந்தப் பிழை இல்லை. குடும்பத்திலும் யாருக்கும் நோயில்லை. ஆக, எங்கோ ஓர் இத்தாலியக் குலத்தில் அரிதாக வந்த ஒரு பிழை, பெரும்பாலான நோயாளிகளின் மூளையில் நடப்பது என்ன என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பிழையிருந்தால் பால் சீக்கிரம் உறைகிறது. பிழையில்லாவிட்டாலும் முதுமையிலோ வேறு காரணத்தாலோ உறையலாம்.

எழுத்துப் பிழைதான் வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக் குடும்பமொன்றை 1962இலேயே மருத்துவ ஏடொன்றில் விவரித்திருந்தார்கள். அவர்களிடம் 2003இல் கண்டது விசித்திரமானது. வாசகத்தில் பிழையே இல்லை. ஆனால் ஒரு பாடம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று முறை பிரதி எடுத்து ஒட்டியது போல் அந்த மரபணு மும்மடங்காகியிருந்தது. மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த ஒன்றையும் சேர்த்து மொத்தம் நான்கு, நமக்கெல்லாம் இரண்டுதான். புரதம் இரு மடங்கு சுரந்தது. முப்பதுகளிலேயே நோய் வந்தது. மூன்று பிரதி உள்ள வேறு குடும்பங்களில் நோய் சற்றுத் தாமதித்து வருகிறது. நல்ல பாலே ஆனாலும் மங்கு நிரம்பி வழிந்தால் கேடுதான்.

ஜப்பானில் கண்டது வேறு வகை. இருபது வயதுக்குள்ளும் இருபதுகளிலும் நடுக்கம் வந்த இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள். 1998இல் அவர்களிடம் ஒரு மரபணுவின் பக்கங்களே கிழிந்து போயிருப்பதைக் கண்டார்கள். பார்க்கின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதில் ஒரு பிரதி கெட்டால் மற்றது சமாளித்துக்கொள்ளும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் ஆபத்து. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே பெண் எடுக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரே பாட்டியின் கெட்ட பிரதி இரு வழியாகவும் வந்து சேர இடமுண்டு. முறைப்பெண்ணைக் கட்டுவதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது.

பார்க்கினுக்கு என்ன வேலை? ஒவ்வோர் அணுவுக்குள்ளும் மைட்டோகாண்டிரியா என்னும் சக்தி நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மின்சாரம் எட்டாத காலத்தில் தோட்டங்களில் இஞ்சின் வைத்து விளக்கெரித்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழுதான இஞ்சின் வெளிச்சம் தராததோடு புகையையும் கக்கும். பழுதான மைட்டோகாண்டிரியாவும் அப்படியே நச்சுப் பொருள்களை வெளிவிடும். பிங்க் 1 என்ற புரதம் பழுதானதன்மேல் போய் நின்று அடையாளம் காட்டும்; பார்க்கின் அங்கே வந்து 'அகற்றுக' என்று சீட்டு ஒட்டும்; அணு அதைத் தின்று செரித்துவிடும். பழுதான நிலையத்தைத் தேடிப் பார்க்கின் போவதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். இவ்விரு மரபணுக்களில் எது கெட்டாலும் பழுதானவை அகற்றப்படாமல் குவிந்து, கடைசியில் அணு மூச்சடைத்துப் போகிறது.

இன்னும் சில மரபணுக்கள் உண்டு. 2004இல் கண்ட எல்ஆர்ஆர்கே 2 என்பதன் புரதத்துக்கு டார்டரின் என்று பெயர் வைத்தார்கள். ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் மக்களின் மொழியில் நடுக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அதன் ஒரு திரிபு வட ஆப்பிரிக்காவிலும் யூதர்களிடையிலும் காணப்படுகிறது. வேறொரு திரிபு நம் சீன நண்பர்களிடையே காணப்படுகிறது. அது இருந்தால் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். ஜிபிஏ 1 என்பது அணுவின் குப்பையைச் செரிக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு. அது தளர்ந்தால் சைனுக்ளின் சேர்ந்துகொண்டே போகும். இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் திரிபுகள் உள்ளவர்களில் பலருக்கு எண்பது வயதிலும் நோய் வருவதில்லை.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்க, இந்தக் கறுப்புத் திட்டு ஏன் முதலில் அடிபடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்குள்ள ஓர் அணுவின் இழை கிளைத்துக் கிளைத்துப் பரந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் மற்ற அணுக்களைத் தொடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓய்வில்லாமல் துடித்துக்கொண்டும் இருக்கிறது. இவ்வளவுக்கும் சக்தி வேண்டும். டோபமினே கொஞ்சம் முரட்டுப் பொருள், சிதைந்தால் நச்சாகும். வீட்டில் அதிகம் உழைப்பவர்தான் முதலில் படுக்கிறார்.

இனி, சகோதரி தம் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருந்த ஒரு விவரத்துக்கு வருகிறேன். தந்தையார் பல ஆண்டுகள் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்தவர். கலிபோர்னியாவில் 1982இல் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், சில நாள்களுக்குள் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல் மரத்துப் போனார்கள். அதில் கலந்திருந்த ஒரு நச்சு, அதே கறுப்புத் திட்டு அணுக்களின் மைட்டோகாண்டிரியாவை நிறுத்திவிட்டது என்று தெரிந்தது. அந்த நச்சு உடம்பில் மாறி அடையும் உருவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பை ஒத்தது. ஆகவே சந்தேகம் எழுந்தது. பாராகுவாட்டையோ ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ கையாண்ட அமெரிக்க விவசாயத் துறையினரிடையே நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று 2011இல் ஓர் ஆய்வு கூறியது. அடுத்த ஆண்டு அதே குழு மேலும் ஒன்றைச் சொன்னது. நச்சை முறிக்கும் மரபணுக்களில் ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. பாராகுவாட் தெளித்த ஆண்களில் அத்தகையோருக்கே ஆபத்து மிகவும் கூடியிருந்தது. அந்த மரபணு இல்லாமை மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லை, மருந்தும் சேர்ந்தபோதுதான். நம் நாட்டில் பாராகுவாட்டை 2002இல் தடுத்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 சனவரி முதல் நாளிலிருந்து முழுவதுமாகத் தடை செய்தார்கள். இடையில் முதுகில் தோம்பு சுமந்து, முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தெளித்த நம் தாய்மார்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆயினும் தெளித்த எல்லாருக்கும் நோய் வந்துவிடவில்லை. உங்கள் தந்தையாருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

இப்போது உங்கள் கேள்வி, சகோதரி. தந்தையாருக்கு நோய் தொடங்கியது 68 வயதில். அவருடைய உடன்பிறந்தோர் ஐவரில் எவருக்கும் இல்லை, பாட்டனார் பாட்டிக்கும் இருந்ததாகத் தெரியவில்லை, அவர்கள் உறவில் மணந்தவர்களும் அல்லர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் சேவை செய்த இரட்டையர்களை ஆராய்ந்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குமுன் நோய் தொடங்கினால் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு, அதற்குப்பின் தொடங்கினால் அந்தப் பங்கு மிகக் குறைவு என்று காட்டியது. முன்னர் டுவாய்சின் கண்டதும் முழுத்தவறில்லை என்பது இதனால் விளங்குகிறது. ஒரே மரபணுவின் பிழையால் வருவது நூறு நோயாளிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். வாழ்நாளில் இந்நோய் வருவது பொதுவாக நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு அது இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் வராது. அது உங்கள் கணக்கு. உங்கள் மகளோ பேத்தி. அவள் கணக்கு இன்னும் குறைவு. வந்த மாப்பிள்ளையின் வீட்டில் நீரிழிவு இல்லையா என்று பதிலுக்குக் கேட்கலாம் என எனக்கே தோன்றியது. நீங்கள் கேட்க வேண்டாம்.

வீட்டில் இருவர் மூவருக்கு நோய் இருந்தாலோ, நாற்பது வயதுக்குள் ஒருவருக்குத் தொடங்கியிருந்தாலோ நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அத்தகைய குடும்பத்தார் நரம்பியல் நிபுணரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. உங்களுக்கு அதற்கு அவசரமில்லை.

தாத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அவருக்குக் கொடுத்திருப்பது லெவோடோபா மாத்திரை என்று பெயரை எழுதியிருந்ததால் தெரிந்துகொண்டேன். வற்றிய டோபமினை அது ஈடு செய்யும்; அணுக்கள் சாவதை நிறுத்தாது. அதை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. இறைச்சி, மீன், பருப்பு சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கினால் சிலருக்கு அது சரியாக ஏறுவதில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், யாராவது வீட்டுக்கு வந்தால் தாத்தா இப்போது தாமாகவே எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாத்திரை போட்டபின் எவ்வளவு நேரம் கழித்து அவர் கை அடங்குகிறது, எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே நடுக்கத்தைக் கூட்டும். அடுத்த முறை விருந்தினர் வருவதானால் அந்த நல்ல நேரத்தில் வரச் சொல்லி, அவருடைய பழைய நாற்காலியைக் கூடத்திலேயே போட்டு வையுங்கள்.